வெயிலும் சருமமும்: தார்நாகா கற்பிக்கும் பாடம்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தே அமைந்துள்ள இடம் தார்நாகா. பெயரைக் கேட்ட தமிழருக்குச் சாலையில் உருக்கி ஊற்றும் தாரே முதலில் நினைவுக்கு வரும். உருது மொழியிலோ ‘தார்’ என்பது கம்பி. ‘நாகா’ என்பது சாவடி. இங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவரால் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகச் சிறிய அளவில் தொடங்கப்பெற்றது. 1958-இல் ஹைதராபாதுக்கு மாற்றப்பட்டு, 1969-இல் இப்போதைய பெயரை எய்தியது.

வெயிலால் சருமத்துக்கு விளையும் கேட்டையும், சருமப் புற்றுநோயைத் தடுக்கும் வழியையும் பற்றிய பேச்சை உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், தென்னாட்டு ஏழை உழைப்பாளியின் சருமத்தை வெயில் எவ்வாறு தாக்குகிறது என்பதை நெடுங்காலம் கூர்ந்து நோக்கிய இடம் இதுவே. அவ்வாராய்ச்சியின் பயன் ஊர்தோறும் செல்லும் சுகாதார ஊழியர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் இன்னும் போதிய அளவில் சென்று சேரவில்லை. அவர்கள் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெள்ளைச் சருமத்தார் வாழும் நாடுகளில் எழுதப்பட்டு, மொழி மட்டும் மாற்றப்பட்ட அறிவுரைகளே.

1950-களின் இறுதியிலும் 1960-களிலும் ஹைதராபாத் மருத்துவமனைகளுக்கு ஒருவகை நோயாளிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர். தக்காணத்தின் வறண்ட சிற்றூர்களில் கூலிக்கு உழுதும் களை பறித்தும் பிழைப்பவர்கள் அவர்களிற் பெரும்பாலோர். புறங்கைகள், முன்கைகள், பாதத்தின் மேற்புறம், முகம், கழுத்து என வெயில் படும் இடங்களில் மட்டும் சருமம் முதலிற் சிவந்து எரியும். பின்பு கறுத்துத் தடித்து, வெடித்து, செதிலாக உரியும். இரு கைகளிலும் ஒரே அளவாக, கையுறை அணிந்தாற்போல எல்லை வகுத்து நிற்கும். கழுத்தைச் சுற்றி அட்டிகை போன்ற பட்டை படரும். துணி மூடிய இடத்துச் சருமமோ ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். இவற்றோடு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியனவும் சேரும். மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடையேயும் இத்தகையோர் காணப்பட்டனர். இப்பிணியின் பெயர் பெல்லக்ரா.

சருமத்தை மட்டும் நோக்கும் எவரும் இது வெயிலால் வந்த நோய் என்றே தீர்ப்புக் கூறுவர். அவ்வாறு கூறியவர்கள் முன்பும் இருந்தனர். ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காஸல் 1735-இல் இந்நோயை ஏழை உழவர்களிடம் கண்டு விவரித்தார். கழுத்துப் பட்டை இன்றளவும் அவர் பெயராலேயே ‘காஸலின் அட்டிகை’ என்று வழங்குகிறது. இத்தாலியில் 1771-இல் பிராபொல்லி என்பவர் இதற்கு ‘முரட்டுத் தோல்’ என்று பொருள்படும் பெல்லக்ரா என்னும் பெயரை வழங்கினார். அக்காலத்து இத்தாலிய மருத்துவர்கள் வெயிலையே குற்றவாளியாக்கினர். வசந்தத்தில் உழவர் வயலுக்குச் சென்றதும் நோய் தோன்றுவதும், குளிர்காலத்தில் அது அடங்குவதும் அவர்கள் கூற்றுக்கு வலுவூட்டின. கண்ணுக்குத் தெரிந்த சான்று அத்தனையும் வெயிலையே சுட்டியது. ஆனால் அதே வயலில் அதே வெயிலில் நின்ற நிலக்கிழாருக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை என்ற வினாவை அழுத்திக் கேட்பார் அன்று இலர்.

அவ்வினாவை அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பர்கர் கேட்டார். 1914-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அவரைத் தென்மாநிலங்களுக்கு அனுப்பியது. அநாதை விடுதிகளிலும் மனநோய் விடுதிகளிலும் அங்கு வாழ்வோர்க்கு நோய் இருந்தது; அவர்களோடு நாள் முழுதும் பழகும் ஊழியர்க்கு இல்லை. வேறுபாடு உண்ணும் தட்டில் இருந்ததை அவர் கண்டார். விடுதிக் குழந்தைகளுக்குப் பாலும் இறைச்சியும் பயறும் கிடைக்கச் செய்ததும் நோய் மறைந்தது. தொற்றுநோய் என்று வாதித்தவர்களின் வாயை அடைக்க, நோயாளிகளின் இரத்தத்தையும் சருமச் செதிலையும் தம் உடலிலேயே ஏற்றுச் சோதித்தார். விஞ்ஞானிகளிடம் இத்தகைய பிடிவாதம் இருப்பது பிறர்க்கு நன்மையே. 1937-இல் கான்ராட் எல்வஜெம், நிகோடினிக் அமிலம் என்னும் நியாசின், நாய்களுக்கு வரும் இதையொத்த நோயைக் குணப்படுத்துவதை நிறுவினார். மனிதர்களிடமும் அவ்வாறே ஆயிற்று.

அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நோயாளிகளின் முதன்மை உணவு மக்காச்சோளம். அதிலுள்ள நியாசின் உடலுக்கு எளிதில் எட்டாதபடி பிணைந்துள்ளது. மெக்ஸிகோ நாட்டு மக்கள் தொன்றுதொட்டு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்பதால் அப்பிணைப்பு அவிழ்ந்துவிடுகிறது. கடல் கடந்து தானியத்தை எடுத்துச் சென்ற ஐரோப்பியர் அந்தச் சமையல் முறையை எடுத்துச் செல்லவில்லை. ஆனால் ஹைதராபாத் நோயாளிகள் உண்டது மக்காச்சோளம் அன்று. ஜோவார் எனப்படும் நாட்டுச் சோளம். இப்புதிரை ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன், டாக்டர் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியா ஆகிய இருவரும், சோளத்தில் மிகுதியாயுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் உடல் நியாசினைப் பயன்கொள்வதற்கு இடையூறாகிறது என்னும் கருத்தை 1960-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். பிற நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் செய்த சோதனைகள் இக்கருத்தோடு ஒத்துவரவில்லை. விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆயினும், வெயிலில் உழைப்பவனின் கருகிய கையைக் கண்டதும் அவன் கலயத்துள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த அந்த நோக்கு தவறானதன்று. டாக்டர் கோபாலன் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 2019-இல் நூறு வயது கடந்த நிலையில் மறைந்தார்.

1983-இல் ஆந்திரப் பிரதேசத்தில் கிலோ இரண்டு ரூபாய் விலையில் அரிசி வழங்கும் திட்டம் வந்தது. சோளத்தையே நம்பி வாழ்ந்தோர் தொகை குறைந்தது; பெல்லக்ராவும் அருகியது. இதைக் கொண்டு சோளத்தின் மீது பழி சுமத்துதல் கூடாது. சிறுதானியங்களை மீண்டும் உண்ணுமாறு அரசாங்கமே இன்று ஊக்குவித்து வருகிறது. அது நல்ல செயலே. சோளத்தோடு பருப்பும் கீரையும் மோரும் சேர்ந்தவர்க்கு இந்நோய் வரவில்லை. சோளமும் மிளகாயும் தவிர வேறொன்றும் இல்லாதவர்க்கே வந்தது.

இனி, சருமப் புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சரும உயிரணுக்களின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யில் சிறு சிறு முறிவுகளையும் பிணைப்புப் பிழைகளையும் உண்டாக்குகின்றன. உயிரணு அவற்றை ஓயாது செப்பனிட்டு வருகிறது. செப்பனிடப்படாது எஞ்சும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே புற்றாகின்றன. செப்பனிடும் வேலைக்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றலை ஈட்டுவதற்கும், செப்பனிடும் நொதிகள் இயங்குவதற்கும் தேவையான பொருளொன்றை உடல் நியாசினிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. நியாசின் இல்லாத உயிரணு, கொத்தனார் வந்து நின்றும் சிமெண்டு வராத கட்டடத்தைப் போன்றது. பெல்லக்ரா நோயாளியின் சருமம் சாதாரண வெயிலுக்கே கருகியதன் காரணத்தில் ஒரு பகுதி இதுவெனக் கருதப்படுகிறது.

2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஏற்கெனவே சருமப் புற்றுக் கட்டிகள் வந்து நீக்கப்பெற்ற 386 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நியாசினின் ஒரு வடிவமாகிய நிகோடினமைடை நாளொன்றுக்கு இருவேளை, வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம் ஓராண்டு அளித்தனர். அவர்களுக்குப் புதிதாகத் தோன்றிய கட்டிகள் மற்றப் பிரிவினரை நோக்க நூற்றுக்கு 23 பங்கு குறைவாயிருந்தன. மருந்தை நிறுத்தியதும் அப்பயன் நீடிக்கவில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடையே பின்னர் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இத்தகைய பயன் தென்படவும் இல்லை. எனவே, சருமப் புற்றுநோயைத் தடுக்க ஊரார் அனைவரும் இம்மாத்திரையை விழுங்கவேண்டும் என்று எவரும் கூறலாகாது. ஆனால், தார்நாகாவில் சோளம் உண்ட கூலியின் கையையும், சிட்னியில் வெளுத்த முதியவரின் கன்னத்தையும் வெயிலிடமிருந்து காப்பதில் ஒரே சத்துக்குப் பங்கு இருப்பது நினைவில் நிறுத்தத் தக்கது. சருமத்தின் பாதுகாப்பு வெளியிலிருந்து பூசும் பொருளில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

ஆஸ்திரேலியா தன் மக்களுக்கு என்ன அறிவுரை கூறிற்று என்பதையும் பார்க்கவேண்டும். உலகிலேயே சருமப் புற்றுநோய் மிகுந்த நாடுகளில் அது ஒன்று. குளிர்நாட்டிலிருந்து சென்று குடியேறிய வெள்ளையர் வெப்பமண்டல வெயிலில் வாழ்வதன் விளைவு அது. 1981-இல் விக்டோரியா மாநிலத்தில், சட்டை அணிக, பூச்சுப் பூசுக, தொப்பி இடுக என்னும் மூன்று கட்டளைகளை ஒரு கடற்பறவையின் வாயிலாகப் பாட்டாகவே பரப்பினர். குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனையில், நாள்தோறும் வெயில் தடுப்புப் பூச்சுப் பூசியவர்களிடம் ஒருவகைச் சருமப் புற்றுக்கட்டி கணிசமாகக் குறைந்ததும் தெரியவந்தது. அந்நாட்டுக்கு அவ்வறிவுரை முற்றிலும் சரியானதே.

அதே அறிவுரையை ஒரு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியிடம் கூறும்போது என்ன நேர்கிறது? அவருடைய சருமத்தில் மெலனின் என்னும் நிறமி நிறைந்துள்ளது. அந்நிறமித் துகள்கள் சரும உயிரணுவின் உட்கருவுக்கு மேல் குடைபோலக் கவிந்து நின்று கதிர்களைத் தாங்கிக்கொள்கின்றன. 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, கறுத்த சருமத்தின் மேற்றோல் வெள்ளைச் சருமத்தினும் ஏறக்குறைய நான்கு மடங்கு காப்பளிப்பதாக அளந்து காட்டியது. நம் நாட்டில் பதிவாகும் புற்றுநோய்களிற் சருமப் புற்றுநோய் நூற்றுக்கு ஓரிரண்டு என்னும் அளவைத் தாண்டுவதில்லை. வாய்ப் புற்றும், மார்புப் புற்றும், கருப்பை வாய்ப் புற்றும் இதைவிடப் பன்மடங்கு மிகுதி.

பூச்சின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். புட்டியில் அச்சிட்ட அளவுக் காப்பு கிடைக்கவேண்டுமானால், சருமத்தின் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு இரண்டு மில்லிகிராம் பூசவேண்டும். வளர்ந்தவர் உடல் முழுவதற்கும் ஒருமுறைக்கு ஏறக்குறைய முப்பது மில்லிலிட்டர் செலவாகும். கைகளுக்கும் கழுத்துக்கும் முகத்துக்கும் மட்டும் என்றாலும், வியர்த்து வழியும் உடலில் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசியாகவேண்டும். கடையில் விற்கும் சிறு குழாய், வயல்வேலை செய்யும் பெண்ணுக்குச் சில நாட்களுக்குமேல் வாராது. நாட்கூலியில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுமாறு அவளிடம் கூறுகிற ஊழியர், அந்தப் பணத்துக்கு நிலக்கடலையும் பருப்பும் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நிலக்கடலை நியாசின் மிகுந்த பண்டம். பாலிலும் பயறிலும் உள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தின் 60 மில்லிகிராமிலிருந்து உடல் ஒரு மில்லிகிராம் நியாசினை ஆக்கிக்கொள்ளும்.

இதனால் கறுத்த சருமத்தாரை வெயில் ஒன்றும் செய்யாது என்று முடிவுகட்டுதல் பிழை. வெயில் அவர்களையும் சுடுகிறது; முகத்திற் கருந்திட்டுக்களை உண்டாக்குகிறது; கண்ணிற் சதை வளர்ச்சிக்கும் புரைக்கும் துணை செய்கிறது. வெப்பத் தாக்கு உயிரையே குடிக்கிறது. ஆகவே, நிழலும் துணியும் எல்லார்க்கும் தேவை. அவை புதியனவும் அல்ல. முண்டாசும், தலையில் இழுத்துவிட்ட முந்தானையும், நாற்று நடும் பெண்கள் சேலைமீது அணியும் முழுக்கைச் சட்டையும் ஆராய்ச்சிக்கூடம் தோன்றுவதற்கு முன்பே இருந்தவை. நெருக்கமாக நெய்த துணி நல்ல தடுப்பு. மெல்லிய வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் கதிர்களை முன்னினும் மிகுதியாக உள்ளே விடும். இத்தகைய சிறு செய்திகளைச் சொல்வதே பயனுடையது. முண்டாசைப் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் புட்டியைக் காட்டுதல் அன்று.

ஆசிரியர்க்கு மற்றோர் எளிய கருவி உண்டு. பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு, அதன் நிழலை மாணவர்களைக் கொண்டு மணிக்கொருமுறை அளக்கச் செய்யலாம். நிழல் கோலைவிட நீண்டிருக்கும் வேளையில் புற ஊதாக் கதிரின் வலிமை குறைவு. நிழல் கோலைவிடக் குறுகும்போது கதிர் வலுக்கிறது. சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், ஹைதராபாதில் மே மாதத்திலும் ஆகஸ்டிலும் நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலே இல்லாத நாள் ஒன்று வரும். அந்நாளில் உடற்பயிற்சி வகுப்பை எந்நேரத்தில் வைப்பது என்பதை மாணவரே கூறிவிடுவர். தலைமையாசிரியர் ஒப்புவாரா என்பது வேறு கேள்வி.

இந்தியரிடையே சருமப் புற்று எங்கே தோன்றுகிறது என்பதைக் கவனிக்கும்போது, இரவல் அறிவுரையின் குறை இன்னும் தெளிவாகிறது. காஷ்மீரத்தில் குளிருக்காக ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்க்ரி என்னும் கனற்சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவதை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866-லேயே எழுதினார். பம்பாயில் டாக்டர் வி. ஆர். கானோல்கர், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பின் வரையில் தோன்றும் புற்றை 1945-இல் விவரித்தார். மேற்கு வங்காளத்தில் கிணற்று நீரிலுள்ள ஆர்செனிக் நஞ்சினால் உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்ப்பேறிப் பின்பு புற்றாக மாறுவது 1980-களில் வெளிப்பட்டது. பழைய தீக்காயத் தழும்பிலும், தொழுநோயாளியின் காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்ணிலும் புற்று முளைப்பதுண்டு. இவற்றுள் ஒன்றேனும் வெயிலால் வந்ததன்று. பூச்சினால் தடுக்கத் தக்கதும் அன்று.

மிகக் கொடியதாகிய மெலனோமா என்னும் கருநிறப் புற்று, கறுத்த சருமத்தாரிடம் வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலுமே பெரிதும் தோன்றுகிறது. ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி, கால்விரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்ட இந்நோய் உடலெங்கும் பரவி, 1981-இல் தமது 36-ஆம் வயதில் இறந்தார். விளையாட்டில் பட்ட காயம் என்றே அது முதலிற் கருதப்பட்டதாம். வெறுங்காலோடு நடப்பவர் மிகுந்த நாட்டில், காலின் அடியில் வளரும் கறுப்புப் புள்ளியை முள் குத்திய வடு என்று விட்டுவிடுதல் எளிது. முகத்தையே பார்த்துப் பழகிய கண் காலைப் பார்ப்பதில்லை.

நிறமியின் காப்பே இல்லாமற் பிறப்போரும் நம்மிடையே உளர். அவர்கள் திறத்தில் ஆஸ்திரேலிய அறிவுரை முழுவதும் பொருந்தும்; ஆனால் அவர்களைத் தேடிச் சென்று கூறுவார் இலர். பிறவியிலேயே நிறமியற்ற குழந்தையின் மயிர் வெளுத்திருக்கும், கண் கூசும், கரும்பலகை தெரியாது. மக்கு என்று கருதி அக்குழந்தையைக் கடைசி வரிசையில் அமர்த்துவதும், வெள்ளைக்காரன் என்று பிற பிள்ளைகள் ஏளனம் செய்வதும் பள்ளிகளில் நிகழ்பவை. அக்குழந்தைக்கு முன்வரிசையும், சன்னலுக்கு எதிர்ப்புறமான இடமும், அகன்ற விளிம்புத் தொப்பியும், முழுக்கைச் சட்டையும் வேண்டும். வெயிலில் வணக்கக் கூட்டம் நிற்பதினின்று விலக்கும் வேண்டும். வெயில் தடுப்புப் பூச்சுக்கு அரசாங்கப் பணம் செலவாகவேண்டிய இடம் ஒன்று உண்டெனில் அது இதுவே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகையோர்க்கு அதை விலையின்றி வழங்குவது பெருஞ்செலவாகாது. வெயில் பட்ட இடமெல்லாம் சிறுவயதிலேயே கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி படரும் குழந்தையையும் ஆசிரியர் கவனிக்கவேண்டும். டி.என்.ஏ.யைச் செப்பனிடும் திறன் பிறவியிலேயே குன்றிய ஓர் அரிய நோய் உண்டு. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் பிள்ளைகளிடம் அது தோன்றும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய குழந்தைக்குப் பத்து வயதுக்குள்ளேயே சருமப் புற்று வந்துவிடக் கூடும். வெண்புள்ளி உடையவர் நிலை வேறு. அது குட்டமும் அன்று, தொற்றும் அன்று. வெளுத்த இடத்தை வெயில் சுடாமல் மூடிக்கொண்டாற் போதும்.

ஒரே ஊரில், ஒரே வீட்டிலும்கூட, நிறம் பலவாறாக அமைகிறது. தார்நாகாவிலிருந்து உப்பல் செல்லும் சாலையில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் பங்கேற்று 2013-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, சருமத்தை வெளிர்நிறமாக்கும் மரபணு வடிவம் ஒன்று இந்தியா முழுவதும், தென்னாட்டிலும், வெவ்வேறு அளவிற் பரவியிருப்பதைக் காட்டியது. இந்தியச் சருமம் என்று ஒன்றை வகுத்து அதற்கோர் அறிவுரை எழுதுவதும், ஆக, ஐரோப்பியச் சருமத்துக்கு எழுதியதை அப்படியே தருவதைப் போன்ற குறையுடையதே.

வெயிலை அறவே விலக்குமாறு கூறுவதிலும் கேடு உண்டு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி, வெயில் பட்ட சருமத்திலேயே ஆகிறது. டில்லியில் காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளிடம் இச்சத்துக் குறைந்திருந்ததை 2002-இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. வெயில் கொழிக்கும் நாட்டில், நகரத்து வீடுகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் அடைந்து கிடப்போரிடம் இக்குறை பரவலாகக் காணப்படுகிறது. அவர்களிடம் வெயிலைப் பற்றிய அச்சத்தை வளர்ப்பது மருத்துவமாகாது. வெயில் மிகையாகிப் போன உழவரிடமும், வெயிலே காணாத எழுத்தரிடமும் ஒரே துண்டுப் பிரசுரத்தை நீட்டும் வழக்கம் கைவிடத் தக்கது.

இதனோடு ஒட்டிய வேறொரு தீங்கை ஆசிரியைகள் நன்கு அறிவர். சிவப்பழகு தரும் என்று விற்கும் களிம்புகளை உயர்நிலைப் பள்ளி மாணவியர் பூசிக்கொள்கின்றனர். அவற்றுட் சிலவற்றில் பாதரசமும், வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டு சருமத்தை மெலிவிக்கிறது. இரத்தக் குழாய்களைப் புடைக்கச் செய்கிறது. வெயில் பட்டால் எரியச் செய்கிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது என 2018-இல் அரசாங்கம் விதித்தது. விதி இருந்தும் கடைகளிற் கேட்டவர்க்குக் கிடைத்தே வருகின்றன. இயற்கை கட்டிய குடையைக் காசு கொடுத்துக் கிழித்துக்கொண்டு, பின்னர் வெயிலுக்கெனத் தனிப் பூச்சு வாங்கும் விந்தையை என்னென்பது!

பெல்லக்ரா முற்றிலும் மறைந்துவிட்டது என்று எண்ணவேண்டா. இன்று அது பெரும்பாலும் குடிப்பழக்கம் உடையவர்களிடம் தலைகாட்டுகிறது. உணவின் இடத்தைச் சாராயம் பிடித்துக்கொள்வதால் நேர்வது அது. காசநோய்க்கு ஐசோநியாசிட் என்னும் மருந்தை உண்போரில், உணவு குன்றிய சிலர்க்கும் வருவதுண்டு. காசநோயாளிகளை வீடுதேடிச் சென்று மாத்திரை தரும் ஊழியர், புறங்கைகள் இரண்டும் ஒன்றுபோற் கறுத்து உரிவதைக் கண்டால், வெயிலில் அலைந்தாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பலாகாது. என்ன உண்கிறாய், எத்தனை நாளாக வயிறு போகிறது என்று கேட்டு, மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்லவேண்டும். நியாசின் கொடுத்த சில நாட்களிலேயே நாவின் எரிச்சலும் மனக்கலக்கமும் தணியத் தொடங்கும். அந்தச் சில நாட்கள் தவறினால் உயிர் போவதும் உண்டு.

சுகாதாரத் துறை அடுத்த கோடைக்கு முன்பு வெளியிடும் சுவர்ப்படத்தில் தொப்பியும் பூச்சுக் குழாயும் பிடித்த சிவந்த மேனிக் குடும்பத்தை மீண்டும் அச்சிடுவதாயின், பள்ளிச் சுவருக்கு அது அணியாகலாமே தவிர ஊழியர்க்கு உதவாது. ஓரிடத்திற் கருகிய இரு புறங்கைகளின் படமும், அதனருகே ஒரு பிடி நிலக்கடலையும் இருக்கட்டும். பழந்தழும்பில் ஆறாத புண்ணையும், தொப்பியிட்டு முன்வரிசையில் அமர்ந்த நிறமியற்ற சிறுவனையும், முண்டாசு கட்டிய உழவரையும் அவற்றின் கீழே வரையலாம். படத்தின் அடியில், கறுப்புப் புள்ளியோடு கூடிய ஓர் உள்ளங்காலுக்கும் இடம் ஒதுக்கவேண்டும்.